உப்பு ராஜாவிடம் மன்னிப்பு கேட்க மாட்டேன்

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

அன்பு மகள் சில்வியாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜெர்லினும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு மட்டும் படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறார். மனசும் நலம் என்று எழுத வரவில்லை. கோபமாக இருக்கிறேன். ஊரில் இரண்டு பேர் மேல் கோபம், உன் மேலும் கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனை நான் பாதியில் வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாயாம். வைத்தது வைத்ததுதான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ எனக்கு இருக்கிறது. "ஒரு சாரி எழுதிக் குடுத்துட்டுப் போயேம்மா, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்றாய். என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்கக்கூட இல்லை. திரும்பவும் போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் ஜெர்லின் வந்து கை ஆட்டுவாள், சொல்ல வந்தது சொல்லாமலே போகும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி.

ஜெர்லின் பள்ளிக்கூடத்து லைப்ரரி வீடியோ ஒன்று அனுப்பியிருந்தாயே. பிள்ளைகள் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு படப்புத்தகம் பார்க்கிறார்கள், ஒரு பையன் அட்டையில் செய்த கிரீடம் வைத்திருக்கிறான், உன் மகள் கையில் காகிதத் தட்டில் செய்த ஒரு ராட்சசன். அந்த ராட்சசன் மூக்கு அவள் டீச்சர் மூக்கு மாதிரியே இருக்கிறதென்றும், டீச்சரே பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களென்றும் எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். அப்பா அதைத் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் சில்வியா, உன் மகள் டீச்சரைக் கிண்டல் செய்தால் அது கற்பனை, உப்பளத்தில் கூலிக்குப் போகிற மலர்கொடியின் மகள் அதையே செய்தால் அது வம்பு. இது எந்த ஊர் நியாயம் என்று நீதான் எனக்கு எழுத வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்து லைப்ரரி ரூம் உனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பை ஒட்டி உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருந்த இடம். நீ கல்யாணமாகிப் போகும்போது அப்படித்தான் இருந்தது. அரசாங்கம் அனுப்பிய கதைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தன. ஹெட்மாஸ்டர் காசிலிங்கம் சார் கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். புத்தகம் கிழிந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்பார். ஒரு தடவை ஆபீசர் வருகிறார் என்றதும் அவசரமாகப் பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார். பாதிப் பேர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் வாங்கிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். ஒரு சின்னவள் பக்கத்தைத் திருப்பப் போன விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆபீசர் எதிரிலேயே சாவியைக் கேட்டேன். ஆபீசர் முன்னால் மறுக்க முடியாமல் ஹெட்மாஸ்டர் கொடுத்தார். அப்பாதான் வந்து பெஞ்சுகளை வெளியே தள்ளி, கரையானைச் சுத்தம் செய்து, சுவருக்கு நீலம் அடித்துக் கொடுத்தார். ஃபேன் மட்டும் தனக்கோடி உபயம். உப்பளம் குத்தகை எடுத்திருக்கிறாரே அவர்தான், பள்ளிக்கூடம் முழுக்க ஃபேன் வாங்கிப் போட்டு ஒவ்வொரு இறக்கையிலும் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ஃபேன் நின்றால்தான் அந்தப் பெயரைப் படிக்க முடியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லைப்ரரி வகுப்பு. முதலில் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே பயந்தார்கள், பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்துத் தொட்டார்கள். அப்புறம் கிழித்தார்கள். கிழித்ததைச் சோற்றுப் பருக்கை வைத்து அவர்களே ஒட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்கு வாசிப்பாள். கதை பிடிக்கவில்லை என்றால் முடிவை மாற்றலாம் என்று சொன்னேன், அவ்வளவுதான், ஒரு கதையையும் ஒழுங்காக முடிய விடுவதில்லை, முதலைக்கும் குரங்குக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள், ராட்சசன் ஆம்னி பஸ்ஸில் சென்னைக்குப் போய்விடுவான். கூனிமேட்டு டெய்லர் பாய் வெட்டுத் துணியை மூட்டையாகக் கொடுத்தார், பழைய பேப்பரை ஊற வைத்து மைதா பசையில் பிசைந்து தலை செய்தோம், என் பழைய நைலக்ஸ் புடவைதான் திரை. இப்படித்தான் பொம்மை நாடகம் ஆரம்பித்தது.

பிரியங்கா நாலாம் வகுப்பு. அப்பா குப்புசாமி, அம்மா மலர்கொடி, இரண்டு பேருமே உப்பளம். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். வீட்டில் அம்மாவிடம் மெல்லப் பேசுவாளாம், வெளியில் ஒரு வார்த்தை கிடையாது. புதுச்சேரிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், தொண்டையில் கோளாறு இல்லை, தானாகப் பேசுவாள் என்று அனுப்பிவிட்டார்கள். மலர்கொடி என்னிடம் வந்து நின்று அழுதிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை திரைக்குப் பின்னாலிருந்து நண்டு பொம்மை கீச்சுக் குரலில் பேசியது. யார் பேசுவது என்று நான் எட்டிப் பார்க்கிறேன், பிரியங்கா. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. நான் பார்க்காதது மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். அப்போது கைதட்டியிருந்தால் அந்த வாய் திரும்ப மூடியிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூலையில் ஒரு ராஜா கதை வாசித்தோம். வாசித்து முடித்ததும், அந்த ராஜா நம்ம ஊருக்கு வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் பிள்ளைகள் கட்டியது, முக்கால்வாசி பிரியங்கா கட்டியது. ஒரு உப்பு ராஜா. ஊரெல்லாம் அவர் உப்புப் பாத்தி, எல்லோரும் அவருக்கு உப்பு வாருகிறார்கள். ஊரில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்ப் பானை, அது ராஜா கொட்டகையில் இருக்கிறது. உப்பு வாரிக் களைத்த நண்டு போய்த் தண்ணீர் கேட்கிறது, காவல்காரன் "அது ராஜா தண்ணி" என்று விரட்டுகிறான். கொக்கு போகிறது, "அது ராஜா தண்ணி". ஆமை போய்ச் சேருவதற்கே ஒரு நாள் ஆகிறது, அதற்கும் அதே பதில். ஒரு நாள் ராஜாவின் நாக்கிலேயே உப்புப் பூத்துவிடுகிறது, எதைக் குடித்தாலும் கரிக்கிறது, ஐயோ தண்ணீர் என்று ஊருக்குள் ஓடி வருகிறார். அங்கே நண்டும் கொக்கும் ஆமையும் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாவுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று வகுப்பில் பெரிய சண்டை. கொடுக்கக் கூடாது என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள். பிரியங்காதான் கொடுக்கலாம் என்றாள். கொடுக்கலாம், ஆனால் நண்டு ராஜாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், "லைன்ல நில்லு ராஜா."

ராஜா பொம்மைக்குக் கறுப்புக் கண்ணாடி, தோளில் வெள்ளைத் துண்டு, அவர் வரும்போதெல்லாம் ஒருத்தி வாயாலேயே ஜீப் ஹார்ன் அடிப்பாள். அது யார் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். பார்த்த அன்றைக்கே தெரியும். கண்ணாடியைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்கள் பார்க்கிற ஆளைப் பார்த்துத்தான் ராஜா செய்வார்கள், பார்க்காத ராஜாவை எப்படிச் செய்வார்கள்?

ஆகஸ்ட் பதினைந்து அன்று மாதா விண்ணேற்புத் திருநாள் பூசையை விடியலிலேயே பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு ஓடினேன். பிள்ளைகள் நிகழ்ச்சி என்ன இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர்தான் கேட்டார், லைப்ரரி பிள்ளைகள் பொம்மை நாடகம் என்றேன், சரி போடுங்கள் என்றார். என்ன கதை என்றுகூடக் கேட்கவில்லை. கொடியேற்ற வந்தவர் தனக்கோடி. முன் வரிசையில் சேர் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்கள். ஹார்ன் சத்தம் கேட்டதுமே பின்னால் ஒரு சலசலப்பு. "அது ராஜா தண்ணி" என்று காவல்காரன் முதல் தடவை சொன்னதும் சிரிப்பு, இரண்டாவது தடவை பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், மூன்றாவது தடவை கூட்டமே சேர்ந்து சொல்லியது. நானும் சிரித்தேன். ராஜாவை லைனில் நிற்கச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்துவிட்டது. தனக்கோடியும் சிரித்தார், லட்டு சாப்பிட்டார், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், ஜீப்பில் ஏறிப் போனார். பிரியங்கா திரைக்குப் பின்னாலிருந்து வியர்த்து வழிய வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை போனால் லைப்ரரியில் வேறு பூட்டு. என்னிடம் இருந்த சாவி உள்ளே நுழையவில்லை. ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன், தனக்கோடி ஐயா மனசு ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டது, ஊருக்கு நடுவில் அவமானம் செய்தது மாதிரி ஆகிவிட்டது, நீங்கள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பிள்ளைகளுக்கு எதற்காகப் பூட்டு என்று கேட்டேன். மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஃபேன் அவருடையது டீச்சர் என்றார். புத்தகம் அவருடையது இல்லையே என்றேன். மறுநாள் ஒருவன் ஏணியோடு வந்து லைப்ரரி ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனான். மற்ற ரூம் ஃபேன்களை விட்டுவிட்டு அதை மட்டும். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஆள், நாலாயிரம் மூட்டை உப்பு விற்கிற ஆள், சின்னப் பிள்ளைகள் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைக் கழற்றி எடுத்துப் போகிறார் என்றால் அவரை என்ன சொல்வது. எழுதினால் அசிங்கமாக வரும், விடுகிறேன்.

அத்தோடு நின்றிருந்தால் நானே சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அந்த வாரமே மலர்கொடியைப் பாத்திக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி நிறுத்திவிட்டான். உன் மகள்தான் நாடகக்காரி ஆகிவிட்டாளே, அவளைச் சம்பாதிக்கச் சொல் என்றானாம். குப்புசாமிக்கு மட்டும் வேலை கொடுத்தார்கள், அதுவும் அவர் எப்போது வாயைத் திறப்பார் நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டு. மலர்கொடி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க தெரிஞ்சுதான டீச்சர் வுட்டீங்க? அது யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? உங்களுக்கு மாசமானா சம்பளம் வந்துடும். எங்களுக்கு?" நான் என்ன சொல்ல முடியும் சில்வியா. தெரிந்துதான் விட்டேன். அவள் வேலைக்கு ஆபத்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்று சொன்னாள். மே மாதம் கத்திரி வெயிலில் பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிரியங்காவையும் பாத்திக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர் கேன் வைப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் அது காலியாகிவிடும். உப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்த மலர்கொடி மயங்கி விழுந்திருக்கிறாள். பாத்தியில் வெளுப்பாக எரிகிற அந்த வெயில் உனக்குத் தெரியுமே, கண்ணைத் திறக்க முடியாது. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை, குழந்தை தனக்கோடி கொட்டகைக்கு ஓடியிருக்கிறாள். அங்கே ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில். உட்கார்ந்திருந்தவன் கொடுக்கவில்லை. "அது ஐயா தண்ணி" என்றானாம். அப்புறம் யாரோ பெண்கள் பார்த்துவிட்டு ஓடி வந்து முகத்தில் ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள். அந்த வார்த்தைக்குத்தான் ஆகஸ்ட் பதினைந்தில் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று மேலே எழுதினேனே, அந்தச் சிரிப்பு இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் மலர்கொடி, நாளைக்கே உன்னை வேலைக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள். பார், உன் பேச்சைக் கேட்காமலே நான் அன்றைக்கு மன்னிப்புக்குத் தயாராக இருந்தேன். பேப்பர் எடுத்து எழுதியும் வைத்தேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனால் ஹெட்மாஸ்டர் ரூமில் தனக்கோடி உட்கார்ந்திருக்கிறார். பிரியங்காவை நிற்க வைத்திருக்கிறார்கள். அவளிடம் ஹெட்மாஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இந்தக் கதையைச் சொல்லச் சொன்னது டீச்சர்தானே, பயப்படாதே, டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அம்மாவை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுவார்கள். தனக்கோடி தலையை ஆட்டிக்கொண்டே, சின்னப் பொண்ணு மேல் எனக்கு என்ன கோபம், சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால் போதும் என்கிறார். அந்த ஒரு வார்த்தையை வைத்து என் மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பிரியங்கா பழையபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். ஒன்பது வயசுக் குழந்தை. அவள் அம்மாவின் கூலியை அவள் கையில் கொடுத்துப் பேரம் பேசுகிறார்கள். ஆனாலும் நான் அவள் பக்கத்தில் குனிந்து, சொல்லிடு கண்ணு, டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லிடு, எனக்கு ஒண்ணும் ஆகாது என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் அம்மா வேலைக்குப் போகட்டும், என்னை என்ன செய்துவிடுவார்கள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் சில்வியா. அவளுடையதை நான் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி, பொம்மை இல்லாமல், திரை இல்லாமல், தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"டீச்சர் சொல்லித் தரல. நான்தான் கட்டினேன். டீச்சர் கேட்டாங்க."

ஹெட்மாஸ்டர் இன்னொரு தடவை ஆரம்பித்தார், அவள் மறுபடியும் அதையே சொன்னாள், முதல் தடவையைவிடச் சத்தமாக. தனக்கோடி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நீங்களாவது எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று ஹெட்மாஸ்டர் கெஞ்சினார். எழுதியது என் பையில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் எதிரிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்தக் குழந்தை நான்தான் கட்டினேன் என்று நின்ற பிறகு, நடந்தது தப்பு என்று நான் எழுதிக் கொடுத்தால் யாருடையதை விற்கிறேன்? இதைச் சொல்ல வரும்போதுதான் நீ ஒரு சாரி என்றாய். இப்போது புரிகிறதா போனை ஏன் வைத்தேன் என்று.

மலர்கொடி பள்ளிக்கூட வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேட்டதும் மகள் முதுகில் ஒரு அடி வைத்தாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்குமே என்று. அந்தப் பெண் அழவில்லை, அம்மாதான் அழுதாள், ரோட்டோரமே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். எழுந்து போகும்போது மகள் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "அவ சொன்னது நெஜம்தான் டீச்சர். அன்னிக்குத் தண்ணிக்கு ஓடுனவ அவதான. அது அவ கதைதான்."

இப்போது மலர்கொடி கழிவெளி ஏரிப் பக்கம் வேறொருவர் பாத்திக்குப் போகிறாள், தூரம் அதிகம், விடிவதற்கு வெகு முன்னால் கிளம்ப வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு போகிறாள். என் மேல் கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் பார்த்தால் நின்று பேசுகிறாள். அந்தக் கோபம் அவளுக்கு இருக்கட்டும், நியாயமானதுதான்.

இந்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைவி யார் தெரியுமா, மீன் விற்கிற மேரிசெல்வி, உன்னோடு கோவிலில் முதல் நன்மை வாங்கினவள். பாதிக்கு மேல் அம்மாக்கள், அதிலும் பாதிப் பேர் தனக்கோடி பாத்தியில் வேலை செய்கிறவர்கள், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைப்ரரி பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் வாசித்தார். மேரிசெல்வி, "இன்னா பராமரிப்பு சார்? ஃபேனக் கயட்டுனதா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளே மேலே சொன்னாள், என் பொண்ணு வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு கேக்குது, பூட்டிட்டாங்கன்னு சொன்னா ஏன்னு கேக்குது, நான் இன்னா சொல்றது, நீங்களே வந்து சொல்லுங்க சார் என்று. திறக்க வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். ஒரு நிமிஷம் ஒரு கையும் இல்லை. அப்புறம் ஒன்று, இரண்டு, தனக்கோடியிடம் கூலி வாங்குகிற கைகளும் உயர்ந்தன, தலை மட்டும் குனிந்தபடியே. அதைப் பார்க்கும்போது எனக்கு நாடகத்தில் கேட்ட சிரிப்பைவிட இது பெரிசாகப் பட்டது. ஹெட்மாஸ்டர் திறக்க ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை, புத்தகம் மட்டும் படிக்கலாம், நாடகம் போடக் கூடாது. எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோவும் வந்திருக்கிறது. கதையைக் கட்டியது மாணவி, கேட்டது நான் என்று பதில் எழுதிவிட்டேன். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். மாற்றினால் போவேன். அங்கேயும் பெட்டிக்குள் புத்தகம் இருக்கும்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. ரூமைத் திறந்ததும் ஒரே புழுக்கம், இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தேன், கடல் காற்று வந்தது, புத்தகம் எல்லாம் தானாகப் பக்கம் திருப்பிக்கொண்டது. பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்து படித்தார்கள், ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கமாக இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, பயந்து உட்கார்ந்திருக்கிற அமைதி அது. பிரியங்கா கடைசி வரிசையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தாள். இந்தக் குழந்தை இனிமேல் எப்போது பேசுமோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து என் மேஜைக்கு வந்தாள். நாடகம் போடக்கூடாதுன்னுதான சொன்னாங்க டீச்சர் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"கட்டலாம்ல?"

நான் அவளையே பார்த்தேன். கட்டலாம் என்றேன். உடனே ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகே வந்து, புதுசாக ஒரு கதை இருக்கிறது, பூட்டு ராஜா என்று பெயர், ஆனால் கொஞ்சம் நீளம், நாலைந்து வெள்ளிக்கிழமை ஆகும் பரவாயில்லையா என்றாள். என்னை மாற்றுவதானால் அதற்கு அப்புறம் மாற்றட்டும் என்றுதான் இன்று பூசையில் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

சரி, கை வலிக்கிறது. நீ நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுக்காதே, வெயில் இல்லாத ஊர் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடு. ஜெர்லினோடு வீட்டில் தமிழில் பேசு, அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாலும் நீ விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவரையும் மாதா தன் பிள்ளையைப் போலப் பக்கத்திலேயே வைத்துக் காக்கட்டும். அடுத்த ஞாயிறு போன் செய். எடுப்பேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
கோபம் தீராத, பாசமும் தீராத உன் அம்மா,
சகாயமேரி.